மடவார் வளாகத்துக்கு இரண்டு பார் ஐஸ்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே தாளைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேரே ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி விசாரிக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் சீனிச்சாமி நடத்திய ஐஸ் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் பேண்டேஜ் துணி குடோன் இருக்கிறது. சீனிச்சாமி இருக்கிறார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொண்டு இருக்கிறார். இதை எனக்குச் சொன்னதே அவர்தான்.

இன்னொன்று. பேய் என்றால் நடுச்சாமத்தில் நாய் ஊளையிட வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. 1992ஆம் வருடம் மே மாதம் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த உச்சிவேளை. அப்போது சீனிச்சாமிக்கு முப்பத்தாறு வயது. அந்த வயதுச் சீனிச்சாமியை நான் 'அவன்' என்றே சொல்லப் போகிறேன். அவரும் அப்படித்தான் சொன்னார், கொஞ்சம் வெறுப்போடு.

சீனிச்சாமிக்கு ஒரு சிநேகிதன், பெயர் சங்கையா. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி. பரீட்சையில் இரண்டு மார்க் முன்னே பின்னே. முன்னே இருந்தது சீனிச்சாமி. இதை எழுத மறந்துவிடாதீர்கள் என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

1983இல் அண்டார்டிகாவுக்குப் போக ஆள் எடுத்தார்கள். இருவரும் விண்ணப்பம் போட்டார்கள், இருவரும் தேர்வானார்கள். பனியில் இருந்து பழகுவதற்கு வடக்கே மலையில் ஒரு முகாம். மூன்றாம் நாளே சீனிச்சாமி கூடாரத்துக்குள் சுருண்டுகொண்டு ஓவென்று அழுதுவிட்டான். வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். சங்கையாதான் அவன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கீழே பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டான். "அவங்க அப்பாவுக்கு உடம்பு சுகமில்லன்னு தந்தி வந்துச்சு, பாவம்" என்று ஊரில் சொன்னவனும் சங்கையாதான். ஒன்பது வருடமாக அந்தப் பொய்யை அவன் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

சீனிச்சாமிக்குப் பொறுக்காதது அதுதான். சங்கையா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால், நிம்மதியாகப் பகைத்துக்கொண்டு போயிருக்கலாம். நல்லவனாக இருந்து தொலைத்தான்.

சங்கையா மூன்று முறை அண்டார்டிகா போய்வந்தான். பனிப்பாளத்தில் துளை போட்டு ஆழத்திலிருந்து ஐஸை உருவி எடுத்து ஆராய்ச்சி செய்கிற வேலை. பேப்பரில் படம் வந்தது. பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். சீனிச்சாமியோ மாமனாரின் ஐஸ் கம்பெனியில் போய் உட்கார்ந்தான். டீக்கடையில் யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒருத்தன் பனிக்கண்டத்துல ஐஸ வெட்டுதான். இன்னொருத்தன் நம்மூர்ல ஐஸ விக்கான். ரெண்டுக்கும் ஒரே படிப்புதாம்ப்பா." எல்லோரும் சிரித்தார்கள். சீனிச்சாமியும் சிரித்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

போதாக்குறைக்கு அவன் மகளே தன் நோட்டு அட்டையில் சங்கையா மாமா பென்குயினோடு நிற்கிற படத்தை ஒட்டி வைத்திருந்தாள். "நீங்க ஏம்ப்பா போகல?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஏப்ரல் இருபத்தேழு, திங்கட்கிழமை. சங்கையா ஒரு தகரப்பெட்டியோடு ஐஸ் கம்பெனிக்கு வந்தான். பெட்டி ஆள் இடுப்பு உயரம். உள்ளே கைத்தண்டி பருமனில் மூன்று வெள்ளை ஐஸ் துண்டுகள். ரயிலில் வழிநெடுக உப்பும் ஐஸும் மாற்றி மாற்றிப் போட்டு, தூங்காமல் கொண்டுவந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"இதுல அப்படி என்னலே இருக்கு?"

"காத்து. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துன காத்து. பனி விழும்போது இடையில மாட்டுனது, அப்படியே கிடக்கு. அன்னைக்கு உலகம் எம்புட்டுச் சூடா இருந்துச்சு, எங்க எரிமலை வெடிச்சுச்சு, அம்புட்டும் இதுக்குள்ள இருக்கு. நாளைக்கு அந்தப் பனி உருகுனா கடல் எம்புட்டு ஏறும்னு இத வச்சுத்தான் சொல்ல முடியும்."

"அப்ப டெல்லியில வைக்காம எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த?"

சங்கையா சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"பணமில்லங்காங்க. போன வருசத்துலேருந்து எங்க பிரிவுக்கு ஒண்ணொண்ணா வெட்டுதாங்க. குளிர் ரூமுக்குக் கரண்ட் பில்லு கட்டல. எண்பது துண்டு தண்ணியாப் போச்சு. மிச்சம் இந்த மூணுதான். பத்தொன்பதாந் தேதி கமிட்டி முன்னால இத வச்சுப் பேசணும். ஒத்துக்கிட்டா வேலை தொடரும். இல்லன்னா இழுத்து மூடிருவாங்க. பத்து வருசம்லே... உன் தொட்டியில ஒரு கேன் இடம் குடு. உன்னைத் தவிர யாரை நம்பி வைக்க?"

ஐஸ் கம்பெனியில் ஒரு பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கும். தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை அதில் வரிசையாக இறக்கி வைத்தால் மறுநாள் பார் பாராக ஐஸ். அப்படி ஒரு கேன் இடத்தில் சங்கையாவின் பெட்டி இறங்கியது. மேலே மரப்பலகையைப் போட்டு மூடினார்கள். அவன் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

மே எட்டு, வெள்ளிக்கிழமை. கம்பெனிக்கு வார விடுமுறை. ஆபரேட்டர் சமுத்திரம்கூட வரவில்லை. சீனிச்சாமி மட்டும் வந்தான். பகல் பதினொன்றே முக்காலுக்குப் பலகையை எடுத்தான். சங்கிலி போட்டுப் பெட்டியைத் தூக்கினான். வெயில் விழும் சிமெண்ட் தரையில் வைத்தான். மூடியைத் திறந்தான். எதிரே ஒரு காலிக் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவ்வளவுதான் அவன் செய்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஐஸ் சத்தம் போட்டது. டிக்... டிக்... டிக். உள்ளே அடைந்து கிடந்த காற்று ஒவ்வொரு குமிழாக உடைந்து வெளியே வந்தது. நம்மூர் ஐஸ் அப்படிப் பேசாது. சீனிச்சாமி ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டான். பல்லுக்கிடையிலும் அந்த டிக்... டிக். 'நான் போக முடியாத ஊர், என் வாய்க்குள்ள வந்துருச்சு பாத்தியா' என்று நினைத்துக்கொண்டானாம். அந்த நிமிடம் ஒன்பது வருடப் புழுக்கம் தீர்ந்ததுபோல் இருந்தது என்று சொன்னார். மூன்று மணிக்குப் பெட்டியில் வெறும் தண்ணீர். சாக்கடையில் ஊற்றினான்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் ஒரு காரியம் செய்தான். ஐஸ் பாரின் ஓரம் கண்ணாடியாக இருக்கும், நடுப்பகுதி மட்டும் வெளுத்திருக்கும். அந்த நடுவை ரம்பத்தால் அறுத்து, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து உருட்டி, மூன்று துண்டு செய்தான். பார்த்தால் அச்சு அதேதான். பெட்டிக்குள் அடுக்கித் தொட்டியில் இறக்கிவிட்டான்.

மே பதினான்காம் தேதி சங்கையா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். திறக்கவில்லை.

"பாக்கலையாலே?"

"எதுக்கு? நீ வச்சிருந்ததுதான? திறந்தா சூடு ஏறும்."

ஆட்டோ கிளம்புவதற்கு முன் இறங்கி வந்து சீனிச்சாமியைக் கட்டிப்பிடித்தான். "இது மட்டும் நடந்துருச்சுன்னா உன் பேரையும் கட்டுரையில போடுவேன்" என்றான். சீனிச்சாமிக்கு அப்போதுகூட எரிந்தது. இவன் போட்டு நம் பேர் வர வேண்டியிருக்கிறதே என்று.

மே பத்தொன்பது. பகல் மணி பன்னிரண்டு இருபது.

சமுத்திரம் சாப்பிடப் போயிருந்தான். சீனிச்சாமி மேஜையில் உட்கார்ந்திருந்தான். கம்ப்ரசர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. டடக்... டடக்... டடக்.

நின்றது.

கரண்ட் போயிற்று என்று நிமிர்ந்தான். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரின் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது. குரைக்கவில்லை. தெரிந்தவர் வந்தால் ஆட்டுவதுபோல் வாலை ஆட்டியது. பிறகு வாலை இறக்கிவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

சங்கையா உள்ளே வந்தான்.

வெள்ளைச் சட்டை. கழுத்தில் டை. பளபளவென்று கறுப்பு ஷூ. வெளியே அவ்வளவு புழுதி, ஷூவில் ஒரு துளிகூட இல்லை. சட்டைப்பையில் ஓர் அட்டை குத்தியிருந்தது, ஆபீசுக்குள் போகிறவர்களுக்குக் கொடுப்பது.

"ஏலே... நீ எப்ப வந்த? இன்னைக்குத்தான கமிட்டி? டெல்லிக்குப் போகலையா?"

"அங்கதான் இருக்கேன்."

சொன்னபோது சங்கையாவின் வாயிலிருந்து புகை வந்தது. அவனுக்குப் பீடி சிகரெட் பழக்கம் கிடையாது. அது குளிரில் வருகிற மூச்சுப் புகை. நூற்று நான்கு டிகிரி வெயிலில்...

"பொட்டியத் திறந்துட்டாங்க" என்றான் சங்கையா.

சீனிச்சாமி மேஜை மேலிருந்த கணக்கு நோட்டை மூடினான்.

"ஐஸுக்குள்ள உமி கிடக்கு."

சீனிச்சாமியின் கண் தானாகத் தரைக்குப் போயிற்று. ஐஸ் சீக்கிரம் உருகாமல் இருக்க உமியில்தான் போட்டுப் புரட்டுவார்கள். கம்பெனி முழுக்க உமி. கை, கால், தலைமுடி எல்லாம் உமி. உருட்டிய துண்டில் எப்போதோ ஒன்று ஒட்டி, மேலே ஈரம் உறைந்து, உள்ளே போயிருக்கிறது.

"தென்துருவத்துல நெல்லு வெளையுதான்னு கேட்டுச் சிரிக்காங்க."

குரலில் கோபமில்லை. அழுகையும் இல்லை.

"உனக்கு எதாவது தெரியுமாலே?"

சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்றார். ஒரு வார்த்தை... 'நான்தாம்லே' என்று. ஆனால் அதே நேரத்தில் கூடாரம் கண்ணில் வந்தது. தன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துபோன இவன் முதுகு கண்ணில் வந்தது. இன்னொரு தடவை இவன் முன்னால் அழ வேண்டுமா?

"எனக்கென்ன தெரியும்? நீ குடுத்தத அப்படியே குடுத்தேன்."

சங்கையா பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டிக்...

டிக்...

டிக்...

"சரி" என்றான். பிறகு, "ரெண்டு பார் அனுப்பு."

"எங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். மடவார் வளாகத்துக்கு. பரிபூரணம் ஒத்தையில இருப்பா."

பரிபூரணம் சங்கையாவின் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். மடவார் வளாகம் அங்கேதான்.

சங்கையா திரும்பி நடந்தான். 'வாரேன்' என்று சொல்லவில்லை.

இரண்டு பார். காசு பேசவில்லை. 'வாரேன்' சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வார்கள். வெளியூர்ச் சொந்தம் வந்துசேரும் வரை செத்தவர் உடம்பைக் கிடத்தி வைக்க ஐஸ் வேண்டும். துட்டி வீட்டிலிருந்து, அதாவது சாவு வீட்டிலிருந்து, ஐஸ் சொல்ல வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், அப்படித்தான் போவார்கள்.

டடக்... டடக்... டடக்.

கம்ப்ரசர் சத்தம் திரும்பி வந்தது. மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

சீனிச்சாமி எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சமுத்திரம் வந்து உலுக்கினான்.

"மொதலாளி, வண்டியில ஏத்தியாச்சு. மடவார் வளாகத்துல யாரு வீடு?"

"எதை ஏத்துன?"

"சிலேட்டுல எழுதியிருக்கியள்ல. ரெண்டு பார், துட்டின்னு."

சுவரில் தொங்கிய சிலேட்டில் எழுதியிருந்தது. சீனிச்சாமியின் கையெழுத்துதான். எழுதிய நினைவு இல்லை. விரலைப் பார்த்தான். சாக்பீஸ் மாவு... 'சங்கையா வீடு' என்று தன் வாயே சொன்னது அவனுக்குக் கேட்டது.

ஒன்றரை மணிக்கு மினிவேன் மடவார் வளாகத்தில் நின்றது. சமுத்திரமும் இன்னொருவனும் சாக்கில் சுற்றிய இரண்டு பாரையும் சங்கையா வீட்டு வாசலில் இறக்கினார்கள். பின்னாலேயே மொபெட்டில் வந்த சீனிச்சாமி கத்தினான், இறக்காதே என்று. சத்தம் வெளியே வரவில்லை.

பரிபூரணம் கையில் சோற்றுக்கரண்டியோடு வந்தாள்.

"யாருக்குண்ணே இது? யாரு செத்துப்போனா?"

"தெரு மாறிருச்சும்மா... ஏலே சமுத்திரம், வண்டியில ஏத்து."

"துட்டிக்கு எறக்குன ஐஸத் திரும்ப ஏத்தப்படாது மொதலாளி." சமுத்திரம் தொட மறுத்துவிட்டான்.

"நல்லா இருக்கிற வீட்டு வாசல்ல வந்து... உங்களுக்கே நல்லா இருக்காண்ணே? அவிய இன்னைக்குக் காலையிலதான் டெல்லியிலேருந்து போன் பேசுனாவ!" பரிபூரணம் அழ ஆரம்பித்தாள். தெருவே கூடிவிட்டது.

ஐஸ் வாசலிலேயே கிடந்தது. தண்ணீர் படி இறங்கித் தெருவில் ஓடியது. சீனிச்சாமி நின்ற இடத்திலேயே நின்றான்.

மூன்று நாற்பதுக்கு எதிர் வீட்டு டாக்டர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். "டீச்சர்... டெல்லியிலேருந்து போன்."

வியாழக்கிழமை உடம்பு வந்தது. மதுரை வரை விமானத்தில், பிறகு வேனில். கூட வந்தவர் வேலுசாமி, சங்கையாவோடு வேலை பார்த்தவர், கோவில்பட்டிக்காரர். சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும் முன் சீனிச்சாமி அவரைத் தனியே கூப்பிட்டான். அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். செத்த பிறகு வந்தானா என்று. செத்தவன் வந்தான் என்றால் அது பேய். பேய் வந்தது என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

"எத்தனை மணிக்கு சார் உயிர் போச்சு?"

"பன்னெண்டு அம்பத்திரண்டு."

சீனிச்சாமிக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "பன்னெண்டு இருபதுக்கா?"

"பன்னெண்டு இருபதுக்குத்தான் பெட்டியத் திறந்தாங்க. உமியப் பாத்துட்டு எல்லாரும் சிரிச்சாங்க. சங்கையா சார் நாற்காலியில உக்காந்து கண்ண மூடிட்டாரு. தொட்டேன், உடம்பு ஐஸா இருந்துச்சு. ஆனா மூச்சு வந்துக்கிட்டிருந்துச்சு. ஏழெட்டு நிமிசம் கழிச்சு அவரே முழிச்சாரு. எந்திரிச்சாரு. 'ஐஸ வச்சிருந்தவன இப்பத்தான் கேட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதாம். தப்பு என்னோடது'ன்னாரு. அந்த ரூம்புல போனே கிடையாது சார். யாரைக் கேட்டாருன்னு எனக்கு இன்னும் விளங்கல."

"பொறவு?"

"ஐஸ நானே மாத்துனேன்னு எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. பிரிவ மூடுறதா அங்கேயே முடிவு பண்ணிட்டாங்க. வெளிய வராந்தாவுக்கு வந்தாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சரிஞ்சாரு. அப்பத்தான் பன்னெண்டு அம்பத்திரண்டு."

சீனிச்சாமி என்னிடம் இதைச் சொல்லி முடித்தபோது சட்டையின் மேல்பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உயிரோடதான் சார் வந்தான். வந்ததும் ஐஸ் கேக்கல. நான் தெரியாதுன்னு சொன்ன பொறவுதான் கேட்டான்."